கொடியங்குளம் எந்த வருசம்?

(விளாத்திகுளத்தில் மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் நடந்த பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘கர்ணன்’ படத்தை இங்க எல்லாருமே பாத்திருப்பீங்க. 2021-இல் வந்தது. கொடியங்குளத்தை மனதில் வைத்து எடுத்த படம் என்று ஊரே பேசியது. கதை நடக்கும் வருசம் 1997 என்று முதலில் போட்டார்கள். உடனே தகராறு. கொடியங்குளம் நடந்தது 1995 ஆகஸ்ட் 31. அப்போது ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. 1997 என்று போட்டால் பழி தி.மு.க. மேல் விழுகிறது. பிறகு வருசத்தைத் திருத்தினார்கள். கட்சிக்காரர்களுக்கு அந்தக் கவலை. என் கவலை வேறு. ஒட்டப்பிடாரம் நமக்குப் பக்கத்துத் தாலுகா. அங்கே நடந்ததைத் தேதி போட்டுச் சொல்ல, நம் கையில் நாமே எழுதி வைத்த ஒரு ஏடு இருந்ததா?

அன்றைக்குப் போலீஸ் எதையெல்லாம் அழித்தது என்று பாருங்கள். பட்டப்பகலில் நூற்றுக்கணக்கில் புகுந்து டி.வி., மின்விசிறி, தையல் மிஷின் எல்லாவற்றையும் உடைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் தேடி அழித்தார்கள். வெளிநாட்டுச் சம்பளத்தில் ஒரு சேரி நிமிர்ந்ததுதான் கண்ணை உறுத்தியது. காகிதத்தின் பலம் நமக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமெரிக்க அமைப்பு இதையெல்லாம் 1999-இல் அறிக்கையாகப் போட்டது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் இங்கிலீசில். வீட்டைப் பறிகொடுத்த கிழவி படிக்க முடியாது.

“அப்போ போன் இல்ல, இப்போ எல்லார் கையிலும் இருக்குல்ல” என்று ஒரு தம்பி கேட்கலாம். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் நம் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு, உங்க தெருப் பிள்ளைகளுக்குத் தரமாட்டோம் என்று கடைக்காரன் திருப்பி அனுப்பினான். அதை வீடியோ எடுத்ததும் அவனே, வாட்ஸ்அப்பில் பரப்பியதும் அவனே. வெளியே வந்தது, வன்கொடுமை வழக்கானது, கடைக்குச் சீல் வைத்தார்கள். சந்தோசம். ஆனால் அந்தச் சாட்சியம் நாம் எடுத்ததில்லை, அவன் திமிரில் நமக்குக் கிடைத்தது. திமிர் கொஞ்சம் குறைவாக, புத்தி கொஞ்சம் கூடுதலாக இருக்கிற கடைக்காரர்கள் நம்ம கரிசக்காட்டில் எத்தனை பேர்? அங்கெல்லாம் எந்தப் படமும் இல்லை.

நாம் புதிதாக ஒன்றும் செய்யப் போவதில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அம்பேத்கர் 1920-இல் ‘மூக்நாயக்’. பண்டிதர் 1914-இல் இறந்தார். அவர் எழுத்து மூன்று தலைமுறைக்கு நம் கண்ணில் படவில்லை. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலிருந்து அது வெளிவந்தபோதுதான் நம்மவர் பலருக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரிந்தது. எழுதுவது பாதி வேலை. எழுதியதைக் காப்பாற்றி எல்லாருக்கும் எட்டுகிற மாதிரி வைப்பது மீதிப் பாதி.

உத்தரப்பிரதேசத்துச் சித்திரகூடத்தில் 2002-இலிருந்து ‘கபர் லஹரியா’வை நடத்துகிறவர்களில் தலித் பெண்கள்தான் முன்னணி. தாள் பத்திரிகையாகத் தொடங்கியது, இப்போது போனில் படம் எடுத்துப் போடுகிறார்கள். தமிழ்நாட்டு ரவிச்சந்திரன், ஐதராபாத்தில் படிக்கும்போது 2011-இல் ‘தலித் கேமரா’வைத் தொடங்கினார். அந்தப் பதிவுகளைப் பாருங்கள். பின்னணி இசை, கண்ணீர்க் காட்சி எதுவும் கிடையாது. பாதிக்கப்பட்டவர் உட்கார்ந்து, குறுக்கீடு இல்லாமல், முழுசாகப் பேசுவார். நம்ம பையன்கள் எடுக்கிற வீடியோவில் பாட்டுதான் முதலில் வருகிறது.

பாட்டுச் சேர்த்தால் என்ன என்று கேட்காதீர்கள். கோகுல்ராஜ் வழக்கு ஞாபகம் இருக்கட்டும். 2015-இல் திருச்செங்கோடு கோயிலின் கேமராவில் பதிவான காட்சிதான் அந்த வழக்கைத் தாங்கியது. முக்கிய சாட்சி மாற்றிச் சொன்ன பிறகும் வழக்கு விழவில்லை. 2022 மார்ச்சில் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே போய்க் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் ‘ஹாஷ்’ எண் எழுத வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு நொடியை வெட்டினாலும் எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலே வீடியோ சுருங்கி, எண்ணும் மாறிவிடும். அதனால் மூலப் பதிவு எடுத்த போனிலேயே இருக்கட்டும். பரப்புவதற்குத் தனிப் பிரதி. வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவையும் படியுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் நமக்கு இலவசம். வழக்கு நடவடிக்கைகளையே வீடியோ எடுக்கணும் என்கிறது அந்தப் பிரிவு. எத்தனை வக்கீல்கள் கேட்கிறார்கள்?

இனி விக்கிப்பீடியா. தமிழில் 2003-இலிருந்து இருக்கிறது. உங்கள் ஊராட்சியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் இருக்கும். அரசுத் தரவு அது. குடிநீர் இணைப்பு இத்தனை, கைக்குழாய் இத்தனை, சுடுகாடு அல்லது இடுகாடு இத்தனை என்று அட்டவணை போட்டிருக்கும். கீழே சிற்றூர்ப் பெயர்கள். அந்த இணைப்புகளில் நம்ம தெருவுக்கு எத்தனை? தெரியாது. சின்ன ஊரில் சுடுகாடு ஏன் மூன்று? அட்டவணை சொல்லாது. சொந்த அனுபவத்தை நேரடியாக அங்கே எழுதவும் முடியாது. ஆதாரம் எங்கே என்று நீக்கிவிடுவார்கள். அந்த விதியை நான் தப்பு சொல்லமாட்டேன். அச்சான ஆதாரத்தை நாமதான் உண்டாக்கணும். ‘காலனி’ என்ற சொல்லைப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவுச் சொல் போகட்டும். தெருவாரிக் கணக்கும் சேர்ந்து காணாமல் போகாமல் பார்க்க வேண்டியது நம் வேலை.

ஒன்றை மட்டும் பொதுவில் போடாதீர்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் முகம், பெயர், வீடு. சட்டப்படியும் குற்றம், அவளுக்கும் துரோகம். மற்றவர்களிடமும் கேட்டுவிட்டே போடுங்கள். நாம் படத்தைப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவோம். அவர் நாளைக்கு அதே ஊரில் மிளகாய் பறிக்கப் போகணும்.

சாப்பாட்டுக்குப் பிறகு புதூர், நாகலாபுரம், குளத்தூர் தோழர்கள் தனித்தனியாக உட்காருங்க. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை போதும். கேள்வி இரண்டே. எங்கள் ஊராட்சியில் தெருவாரியாகக் குடிநீர் இணைப்பு எத்தனை? ஒவ்வொரு சுடுகாடும் எந்தத் தெருவுக்கு, அதற்குப் பாதை இருக்கிறதா? பதில் வந்ததும் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்க, அச்சில் போடுவோம்.