உழைப்பும் உரிமமும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



முன்னொரு காலத்தில் நம் மாலைப்பள்ளி ஆசிரியர்கள் பத்தாம் வகுப்புக் கணக்கிற்கு வழிகாட்டிக் குறிப்புகள் எழுதினர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தோம். அடுத்த ஆண்டே அவை வேறொருவர் பெயரில் அச்சேறி விலைக்கு வந்தன. நம் பிள்ளைகளே காசு கொடுத்து வாங்க நேர்ந்தது. கேட்கச் சென்றபோது, "எழுதியவர்கள் நீங்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா? எந்த நிபந்தனையின் பேரில் கொடுத்தீர்கள்?" என்றனர். நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. தலைகுனிந்து திரும்பினோம்.

இன்று நம் பழைய மாணவர்கள் பயிற்சி மென்பொருள் ஒன்றை இயற்றித் திறமூலமாக உலகிற்கு வழங்க முன்வந்துள்ளனர். பழைய பிழை மீண்டும் நேரலாகாது.

திறமூலம் என்பது கேட்பாரற்ற பொருளன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருளையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. எழுதியவுடனே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமன்று. பத்துப் பேர் எழுதினால் அவரவர் பகுதிக்கு அவரவரே உரியவர். பின்னாளில் உரிமத்தை மாற்ற எண்ணினால் அனைவரிடமும் இசைவு கேட்டு அலைய நேரும்.

உரிமங்கள் பலவகை. சில, பெயரை மட்டும் காத்தால் போதும் என்பன. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட குனு பொது உரிமமோ, திருத்திப் பரப்புவோர் மூல நிரலையும் அதே உரிமையோடு பிறர்க்குத் தரவேண்டும் என்கிறது. விற்கலாம்; வேலியிடலாகாது.

1892இல் நம் முன்னோர்க்கு வகை செய்யப்பட்ட பஞ்சமி நிலங்களை நினைவுகூர்வோம். பத்தாண்டுகள் விற்கலாகாது, பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பதே நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் இருந்தது, காப்பார் இல்லை, நிலங்கள் கைமாறின. உரிமமும் அத்தகையதே. எழுதினால் மட்டும் போதாது, விழித்திருத்தலும் வேண்டும்.

நல்ல முன்மாதிரியும் நம் நகரின் பெயரிலேயே உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டெழுதிய நூல்களை இலவசமாக வழங்குகிறது. தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் முகப்பில் நிற்கும். யாரும் பரப்பலாம், அம்முகப்பை மட்டும் நீக்கலாகாது. லினக்ஸ் கருநிரலிலும், இதைக் கொடுக்கும் உரிமை எனக்குண்டு என்று ஒவ்வொருவரும் உறுதிகூறிக் கையொப்ப வரி சேர்க்கும் வழக்கம் 2004இல் வந்தது.

ஆதலின் மூன்று செயல்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். முதலாவது, உரிமத்தை இன்றே எழுத்தில் முடிவு செய்து மென்பொருளுடன் இணைத்தல். இரண்டாவது, யார் எப்பகுதியை இயற்றினார் என்னும் பதிவேட்டைப் பேணி, இசைவுக் கையொப்பம் பெறுதல். உரிமையைச் சங்கத்திற்கு எழுதித் தரவேண்டுவதில்லை. அது அவர்களிடமே இருக்கட்டும், பயன்படுத்தும் இசைவு மட்டும் போதும். மூன்றாவது, நிறுவனங்களில் பணிபுரிவோர் முன்னதாக அவற்றின் ஒப்புதலைப் பெறுதல். பணியின் கடமையாக இயற்றியது, வேறு ஒப்பந்தம் இல்லையேல், பணியளிப்பவர்க்கே உரியது. அரசு ஊழியராகிய நமக்கும் இது பொருந்தும்.

இம்மண்ணின் கண்மாய்க் கரைகளுக்கு மண் சுமந்த நம் முன்னோரின் பெயர்களை நாம் அறியோம். அவர்தம் பேரப்பிள்ளைகள் இயற்றியதேனும் அவர்கள் பெயரோடு நிற்கட்டும். தாராளமாகக் கொடுப்போம், பெயரை இழந்து கொடுக்க வேண்டா.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!