தூய்மை பேசும் சமுதாயம் தெருவையும் பார்க்கட்டும்!

 

மக்கள் நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும், நீர்த்துறையிலும் அசுத்தம் செய்வதைத் தடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். ஐவேளையும் ஒளுச் செய்து பள்ளிக்குள் நிற்கிறோம். வெளியே வந்தால் நம் கடைவீதி எப்படி இருக்கிறது?

சென்னை மாநகரின் குப்பை வடக்கே கொடுங்கையூரிலும், தெற்கே பெருங்குடியிலும் மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு அமைந்ததே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்தான். 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. மூச்சுத் திணறியவர் யார்? அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள். ஊரார் குப்பைக்கு இவர்கள் ஏன் புகை குடிக்க வேண்டும்? ஆகவேதான் இதை நீதிப் பிரச்சனை என்கிறேன்.

அந்தப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண், கல், பிளாஸ்டிக் எனப் பிரிக்கும் பயோமைனிங் பணி கோடிக்கணக்கான ரூபாயில் தொடங்கியது. நம் வீட்டில் இரண்டு வாளி வைத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை!

சோறும் காய்கறிக் கழிவும் காற்றுப் புகாத கலனில் அழுகினால் மீத்தேன் வாயு கிடைக்கும். அடுப்பு எரிக்கலாம், வண்டி ஓட்டலாம். மிச்சம் உரம். குப்பைமேட்டில் பல நேரம் தீ மூள்வதும் அதே வாயுவால்தான்! ஆனால் உடைந்த டியூப்லைட்டும் பேட்டரியும் கலந்தால் உரம் விஷமாகும். குழம்பில் நனைந்த அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரரும் வாங்கமாட்டார். எந்த இயந்திரம் வந்தாலும் கலந்த குப்பையிடம் தோற்றுத்தான் போகும்.

இது நமக்குப் புதிதா? குர்பானித் தோலை உப்பிட்டு, ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் மதரஸா நடத்திய சமுதாயமல்லவா நாம்! பழைய இரும்பு, பேப்பர் வியாபாரத்திலும் நம்மவர்கள் ஏராளம்.

குப்பையைப் பிரித்துக் கொடுங்கள், பொறுக்கும் தொழிலாளரை அங்கீகரியுங்கள் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் கூறின. டெண்டர் விடும் நிர்வாகங்களைக் கேட்கிறேன்: பெரிய கம்பெனிக்கு வண்டியும் இடமும் தருகிறீர்களே, கோணிப்பை சுமக்கும் ஏழைக்கு என்ன தந்தீர்கள்?

இளைஞர்களே! மஹல்லாதோறும் வீடு வீடாகச் செல்லுங்கள். பிரியாணிக் கடை, கோழிக் கடை, கல்யாண மண்டபக் கழிவைத் தனியே சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். பிரித்துக் கொடுத்ததை ஒரே லாரியில் கொட்டிக் கலந்தால், கவுன்சிலரிடம் மனுவோடு செல்லுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். நம் கடமையை முதலில் செய்வோம். பிறகு உரிமையை உரத்துக் கேட்போம். அல்லாஹ் அருள் புரிவானாக!