மலைவழியும் மோட்டார்ச் சைக்கிளும்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிற் பேச வந்தால், கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ தான் பேசுவார் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் மோட்டார்ச் சைக்கிள். அதை எவ்வாறு பேணுவது, அதில் ஏறி நெடுவழி செல்வது எவ்வாறு என்பன பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். நான் பொறியியல் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. ஆயினும், மாத்தளை மாவட்டத்தின் மலைவழிகளிலே முப்பது ஆண்டுகளாக இவ்வண்டியில் ஏறித் திரிந்தவன் என்ற உரிமை எனக்குண்டு. அவ்வுரிமையினாற் பேசுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலே அந்நாளில் மோட்டார்ச் சைக்கிள் என்றால் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது சின்னத்துரையினுடையது. மேல்மலையில் அதன் ஓசை கேட்டதும், கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகள் விரையும். கங்காணியின் குரல் உயரும். எங்களைப் போன்ற சிறுவர்களுக்கு அது அதிகாரத்தின் ஓசை. இன்றோ காலம் மாறிவிட்டது. இலங்கையிற் பதிவு பெற்ற வாகனங்களிற் பாதிக்கு மேல் மோட்டார்ச் சைக்கிள்களே. லயன் வாசல்களிலும் அவை நிற்கின்றன. துரை ஏறிய வண்டியில் இன்று தொழிலாளியின் மகன் ஏறிச் செல்கிறான். இது மகிழத்தக்க மாற்றம் என்பதை யாரே மறுப்பர்? ஆனால் ஆனையை வாங்கியவன் அங்குசத்திற்கு அழலாமா என்று நம்மவர் கேட்பதுண்டு. வண்டியை வாங்கியவர் பலர். அதைப் பேணக் கற்றவர் சிலரே.

மோட்டார்ச் சைக்கிள்களிலே பல சாதிகள் உண்டு. பந்தயத்திற்கென்றே அமைந்தவை சில. ஓட்டுபவன் அவற்றின்மேல் குப்புறக் கவிழ்ந்து கிடத்தல் வேண்டும். சாய்வு நாற்காலியில் அமர்ந்தாற் போலச் செல்வதற்கு அமைந்தவை வேறு சில. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, விரைவும் வேண்டும், நெடுந்தூரம் களைப்பின்றிச் செல்லவும் வேண்டும் என்போருக்கு உரியது. முன்னே காற்றைத் தடுக்கும் கவசம், சற்றே முன்சாய்ந்த இருக்கை, பெரிய பெற்றோல் தாங்கி, பின்னே பொதி கட்ட இடம் ஆகியன அதன் இலக்கணம். 1976ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம், காற்றுச் சுரங்கத்திற் சோதித்து வடித்த முழுக்கவசத்தோடு ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டியை வெளியிட்டது. இவ்வினத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக அதனைச் சொல்வர். அத்தகைய பெருவண்டி நமக்கு எட்டாக்கனி. என்னிடம் உள்ளது ஜப்பானில் ஓடிப் பழகி இங்கு வந்து சேர்ந்த 250 க.செ.மீ. வண்டி. அதற்கு ஒரு சிறு கவசத்தையும் பொதிப்பெட்டியையும் பூட்டி, என் அளவில் அதை நெடுவழி வண்டியாக்கிக் கொண்டேன்.

நெடுவழி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஏ-9 வீதி. கண்டியிலே தொடங்கி, எங்கள் மாத்தளை நகரை ஊடறுத்து, நாலந்தா, நாவுல, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா எனச் சென்று யாழ்ப்பாணத்தை அடையும் அவ்வீதி 320 கிலோமீற்றர் அளவினது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது வடக்கே மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே பொதுமக்கள் மீண்டும் அதிற் செல்ல முடிந்தது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்ற குடும்பங்களுள் என் சிற்றப்பாவின் குடும்பமும் ஒன்று. 2010ஆம் ஆண்டிலே நான் இவ்வண்டியிற் புறப்பட்டுக் கிளிநொச்சிக்குச் சென்று அவரைக் கண்டேன். 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பயணத்தில் வண்டி ஓரிடத்திலும் நின்றதில்லை. அவர் முதலிற் கேட்டது, "இதுலயா அம்புட்டுத் தூரமும் வந்த?" என்பது. மறுநாட் காலை நான் கண் விழித்தபோது, அவர் ஒரு பழந்துணியால் வண்டியின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று முதல் என் வண்டியை வெறும் இரும்பாக என்னால் எண்ண முடியவில்லை.

இனி, பேணும் முறையைப் பார்ப்போம். மோட்டார்ச் சைக்கிள் பூமியைத் தொடுவது ஈரிடங்களில் மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். நம் உயிர் தங்கியிருப்பது அவ்வளவு இடத்தில்! ஆதலால் முதலிற் பார்க்க வேண்டியது ரயர். காற்றின் அழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், குளிர்ந்த நிலையில் அளத்தல் வேண்டும். ரயரின் வெட்டுகள் மழைநீரை வெளியேற்றும் வாய்க்கால்கள்; அவை தேய்ந்தால் நீர் வெளியேற வழியின்றி ரயர் நீரின்மேல் மிதக்கும். மேலும், ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். வெட்டு ஆழமாக இருப்பினும், வயது முதிர்ந்த இறப்பர் இறுகி வழுக்கும். கடைக்காரர் புதியதென்று தருவதை நாமே வாசித்தறியலாம்.

அடுத்தது செயின். அது மிக இறுகினாலும் கேடு. மிகத் தளர்ந்தாலும் கேடு. பெரும்பாலான வண்டிகளில், கீழ்ப்பகுதியின் நடுவே விரலால் மேலும் கீழும் அசைத்தால் 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரை அசைதல் வேண்டும்; உங்கள் வண்டிக்குரிய அளவு அதன் கைநூலில் இருக்கும். 500 கிலோமீற்றருக்கு ஒரு முறையேனும் துடைத்து எண்ணெய் இடுதல் நன்று. மழையில் நனைந்து வந்தால் அன்றே இடுதல் வேண்டும். எஞ்சின் எண்ணெய், காற்று வடிகட்டி, பிளக் ஆகியவற்றை இங்கே விரிக்கவில்லை. அவற்றை எவரும் நினைவூட்டுவர். எவரும் நினைவூட்டாத ஒன்றைச் சொல்கிறேன். அதுதான் பிறேக் எண்ணெய்.

ஒரு நாள் இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்குச் சென்று திரும்பினேன். அவ்வழியை அறிந்தோர் அறிவர். தேயிலை மலைகளைக் கடந்து, வளைவின் மேல் வளைவாக ஏறி, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மூடுபனியினுள் நுழையும் வழி அது. ஏறும்போது இன்பம், இறங்கும்போதே சோதனை. நான் அன்று கியரை உயரத்தில் வைத்துக்கொண்டு, முன் பிறேக்கை விடாமல் அழுத்தியவாறே இறங்கினேன். ஒரு வளைவுக்கு முன் கைப்பிடி திடீரென இளகி, பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. பிறேக் இல்லை! வலப்புறம் பள்ளம். கிளச்சைப் பிடித்து ஒவ்வொரு கியராகக் கீழிறக்கி, பின் பிறேக்கை மிதித்து, புல் வளர்ந்த மண்மேட்டில் வண்டியைச் சார்த்தி நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்துக் கைப்பிடியை அழுத்தினால், ஒன்றுமே நடவாதது போலப் பிறேக் இறுகப் பிடித்தது!

மாத்தளையில் எனக்குப் பழக்கமான முதிய பாஸ் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் கராஜ் வல்லுநரைப் பாஸ் என்றே அழைப்போம். அவர் மூடியைத் திறந்து பார்த்து, "சேர், இந்த எண்ணெய் மாத்தி எத்தன வருசம்?" என்று கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. தேயிலைச் சாயம் போல அது கறுத்திருந்தது. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கலக்கக் கலக்க, அது கொதிக்கும் வெப்பநிலை தாழ்ந்துகொண்டே வரும். நெடுஞ்சரிவில் பிறேக்கை விடாது அழுத்தினால் உண்டாகும் சூட்டில் அது கொதித்து ஆவியாகும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். கைப்பிடியை அழுத்தும் விசை ஆவியை அமுக்குவதிலேயே கழிந்துபோகும். ஆறியதும் ஆவி மீண்டும் எண்ணெயாகும், குற்றம் மறைந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுக என்று கைநூலில் எழுதியிருந்தது. மாணவரைப் பாடநூல் வாசிக்கச் சொல்லும் நான், என் வண்டியின் நூலை வாசித்தேனில்லை.

ஓட்டும் முறைக்கும் இதிற் பாடம் உண்டு. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலே இறங்குக என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி. எஞ்சினே வண்டியைத் தாங்கும். பிறேக்கை இடையிடையே அழுத்தி விட்டாற் போதும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். வளைவினுள் நுழைந்தபின் குறைக்க முனைவது வழுக்கலுக்கு அழைப்பு. கண் எங்கே செல்கிறதோ வண்டியும் அங்கே செல்லும். பள்ளத்தைப் பார்த்தவன் பள்ளத்தையே அடைவான். வேகம் இரட்டித்தால், பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன், ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடுகிறான். வீதியில் ஓடிவரும் குழந்தையைக் கண்டு அவன் கை பிறேக்கைத் தேடுவதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும். மழையின் முதற் சில நிமிடங்கள் மிகவும் வஞ்சகமானவை. தூசும் எண்ணெயும் நீரோடு கலந்து வீதியை மெழுகிவிடும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயல், நம் மலைநாட்டு வீதிகளை எவ்வாறு சிதைத்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். நேற்று நன்றாயிருந்த வளைவில் இன்று மண் கிடக்கலாம் என்ற எண்ணம் இவ்வழிகளில் என்றும் நம்மோடு இருத்தல் வேண்டும்.

பேணுதல் பொருளையும் காக்கும். 2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்திலே, மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர் என்று பங்கீடு தொடங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். காற்றுக் குறைந்த ரயரும் அழுக்கடைந்த வடிகட்டியும் எவ்வளவு பெற்றோலைக் குடித்தன என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தனர். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் திறக்கும் வரை, பழைய வண்டியைப் பேணியவனே வழியில் நிற்காமற் சென்றான். டெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர், 1973இல் 500 க.செ.மீ. டிரையம்ப் வண்டியொன்றிற் புறப்பட்டு, 4 ஆண்டுகளில் உலகைச் சுற்றி வந்தார். வழியிலே எஞ்சினைக் கழற்றிப் பூட்டவும் அவருக்கு நேர்ந்தது. கழற்றத் துணிந்தமையால் அவர் வீடு திரும்பினார்.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றை ஒரு நூலிலும் நீங்கள் வாசித்தறியலாம். நான் பேச வந்தமைக்குக் காரணம் வேறொன்று.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பழைய மாணவன் ஒருவன் விடுகைப் பத்திரம் பெறுவதற்காகப் பாடசாலைக்கு வந்தான். தொழில் ஒன்று கிடைத்திருந்தது; தவணைப் பணத்தில் வண்டி வாங்கியிருந்தான். அவன் புறப்படும்போது வாயிலில் நின்று பார்த்தேன். பின் ரயர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. தலைக்கவசம் தலையில் இல்லை. முழங்கையில் வளையல் போலத் தொங்கியது. அழைத்துச் சொல்ல வேண்டுமென்று நினைத்தேன். அவ்வேளையில் மணி அடித்தது. பெற்றோர் ஒருவர் அலுவலகத்திற் காத்திருந்தார். பிறகு சொல்லலாம் என்று உள்ளே போனேன். அன்று மாலை மழை பெய்தது. வீதி வளைவிலே பின்சில்லு வழுக்கி, அவன் தலை மைல்கல்லில் மோதியது.

மறுநாள் அவர்களுடைய லயனுக்குச் சென்றேன். அவனுடைய தாய் என்னைக் குறை கூறவில்லை. "காலையில ஒங்களப் பார்த்துட்டுத்தான் சேர் போனான்" என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றும் என் செவியில் இருக்கிறது. என் பிறேக் எண்ணெயைப் பற்றிக் கேட்க எனக்கு ஒரு பாஸ் இருந்தார். அவனுடைய ரயரைப் பற்றிக் கேட்க வேண்டியவன் நான், கேட்டேனில்லை.

அதன்பின், மாதத்தின் முதற் சனிக்கிழமை காலையிலே பாடசாலை முற்றத்திற்கு அந்த முதிய பாஸை அழைத்து வருகிறேன். பழைய மாணவர் தம் வண்டிகளோடு வருவர். ரயர், செயின், பிறேக், விளக்கு என ஒவ்வொன்றாகப் பார்ப்போம். செலவு பெரிதில்லை, ஒரு காற்றளவைக் கருவி, ஒரு போத்தல் எண்ணெய், சில பழந்துணிகள். முதல் மாதம் மூவர் வந்தனர். இப்போது முற்றம் நிறைகிறது. தம்பியின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் அக்காமாரும் உண்டு. தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாதவனை முற்றத்தைவிட்டு வெளியே விடுவதில்லை என்பது எங்கள் சட்டம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் ஒன்று வேண்டுகிறேன். நாளைக் காலை உங்கள் வாசலிலிருந்து ஒரு பிள்ளை வண்டியிற் புறப்படும்போது, ஒரு நிமிடம் குனிந்து அந்த ரயரைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் அப்போதே சொல்லுங்கள். மணி அடித்தால் அடிக்கட்டும், காத்திருப்பவர் காத்திருக்கட்டும்.