வருவோரை எண்ணுதலும் வாசகரை அறிதலும்



வகுப்பறையிற் பாடஞ் சொல்லும் ஆசிரியனுக்கு ஒரு வசதி உண்டு. மாணாக்கரின் முகமே அவனுக்கு அளவுகோல். விளங்கியவனின் பார்வை ஒருவிதம். விளங்காதவனின் பார்வை வேறொருவிதம். ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுபவனுக்கும், எங்கோ இருக்கும் வாசகர்க்காக எழுதுபவனுக்கும் அவ்வசதி இல்லை. தம் சொல் யாரைச் சென்றடைந்தது என்பதை அவர்கள் வேறு வழியால் அறிதல் வேண்டும். அவ்வழிகளுள் ஒன்றாகிய ‘வருவோரை எண்ணுதல்’ பற்றி இன்று சில கூற விரும்புகின்றேன்.

இக்கவலை புதியதன்று. பிரித்தானியாவில் பி.பி.சி. 1922ஆம் ஆண்டில் ஒலிபரப்பைத் தொடங்கியது. முதற் பல ஆண்டுகள் நேயர் கடிதங்களே அதற்குக் கிடைத்த முக்கிய சான்று. கடிதம் எழுதுவோர் பெரும்பாலும் மிக விரும்பியோராகவோ மிக வெறுத்தோராகவோ இருப்பர், ஏனையோர் எழுதுவதேயில்லை. இக்குறையை நீக்குவதற்கு 1936ஆம் ஆண்டில் றொபேட் சில்வி என்பவரின் பொறுப்பில் நேயர் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. 1939 டிசம்பர் முதல் நாள்தோறும் ஏறக்குறைய 800 பேரைக் கண்டு, முதல்நாள் எந்நிகழ்ச்சிகளைக் கேட்டீர்கள் என வினவினர். அதனோடு அமையாது, கேட்டவர் எவ்வளவு சுவைத்தனர் என்பதையும் தனியே அளந்தனர். பலர் கேட்டது பலரால் விரும்பப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இன்று இணையத்தில் எழுதுவோர் எவரையும் தேடிச் சென்று வினவ வேண்டியதில்லை. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்ததும், அப்பக்கத்தை வழங்கும் கணினி தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கின்றது. எந்நேரம், எந்த இணைய முகவரி, எந்தப் பக்கம், எவ்வகைக் கருவி என்பன அவ்வரியில் உள. 2005ஆம் ஆண்டு நவம்பரில் கூகுள் நிறுவனம் ‘கூகுள் அனலிட்டிக்ஸ்’ என்னும் கணிப்புச் சேவையை இலவசமாக வழங்கத் தொடங்கிய பின்னர், இத்தகைய கணக்கு தனி எழுத்தாளரின் மேசைக்கும் எளிதில் வந்து சேர்ந்தது.

என் பாடசாலையிற் பௌதிகவியல் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர், மின்னியல் விளக்கக் கட்டுரைகளைத் தமிழில் எழுதி இணையத்தில் இட்டு வந்தார். ஓராண்டு கழிந்ததும் சோர்ந்த முகத்தோடு என்னிடம் வந்தார். “ஐயா, வினாத்தாள் விடைகளைத் தேடிப் பலர் வருகின்றனர். நிலைமாற்றி பற்றி நான் மூன்று கிழமை பாடுபட்டு எழுதிய கட்டுரைக்கு மாதம் பத்துப் பேரும் இல்லை. வந்தவரும் உடனே போய்விடுகின்றனர். இனி விடைகளை மட்டுமே இடப் போகின்றேன்” என்றார்.

“தம்பி, முதலில் கணக்கைக் கொண்டுவாரும், இருவரும் இருந்து பார்ப்போம்” என்றேன்.

‘உடனே போய்விட்டனர்’ என்பதை முதலில் எடுத்துக்கொண்டோம். அவர் பயன்படுத்திய கணிப்பு முறை பழையது. ஒரு பக்கத்தைத் திறந்ததற்கும் அடுத்த பக்கத்தைத் திறந்ததற்கும் இடைப்பட்ட நேரமே அதில் வாசித்த நேரமாகக் கொள்ளப்படும். ஒரேயொரு பக்கத்தை இருபது நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டு நிறைவோடு சென்றவருக்கும் அங்கே பூச்சியமே பதியும். முதல் வரியிலேயே சலித்துச் சென்றவருக்கும் பூச்சியமே பதியும்.

அடுத்தது தொகை. இம்முறைகள் பெரும்பாலும் எண்ணுவது கருவிகளை; மனிதரை அன்று. ஒருவரே கைத்தொலைபேசியிலும் கணினியிலும் வந்தால் இருவராவார். பாடசாலைக் கணினியொன்றில் நாற்பது பேர் படித்தால் ஒருவராகலாம். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் ஓயாது வந்துபோய்ப் பதிவேட்டை நிரப்பும். தொழினுட்பம் அறிந்தோர் பலர் கணிப்பைத் தடுக்கும் நிரல்களை வைத்திருப்பதால் அனலிட்டிக்ஸ் போன்ற சேவைகளின் கண்ணிற் படுவதேயில்லை. ஆகவே தொழினுட்பக் கட்டுரை எழுதுவோர்க்கு, உரிய வாசகரே கணக்கிலிருந்து மறைந்துவிடுதல் கூடும்.

இவ்வாறு கூறுவதால் எண்ணிக்கை பயனற்றது என நான் சொல்ல வரவில்லை. வந்தோரிற் பெரும்பாலோர் கைத்தொலைபேசியில் வந்தனர் எனக் கண்டு, சிறு திரைக்கு ஏற்றவாறு சுற்றுப்படங்களைத் திருத்தி வரைந்தார் அவ்வாசிரியர். தேடிய சொற்களை நோக்கியபோது வேறொன்றும் தெரிந்தது. நம் நாட்டுப் பாடநூல்கள் ‘நிலைமாற்றி’ என்பதைத் தமிழ்நாட்டார் ‘மின்மாற்றி’ என்பர். அச்சொல்லைத் தேடியோரும் இருந்தனர். கட்டுரையில் இரு சொற்களையும் சேர்த்ததும், தமிழ்நாட்டு வாசகரும் அதனைக் கண்டடைந்தனர். கணக்கைப் பாராதிருந்தால் இவற்றை அவர் அறிந்திருக்க மாட்டார்.

ஆயினும் ‘ஏன் வந்தீர்?’ என்பதற்குக் கணக்கிடம் விடை இல்லை. அதனைக் கேட்டே அறிதல் வேண்டும். கட்டுரையின் முடிவில், “நீங்கள் தேடியது கிடைத்ததா?” என ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சில வாரங்களின் பின் மலைநாட்டுத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடமிருந்து மடல் வந்தது. தம் பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லை என்றும், அக்கட்டுரையைக் கடதாசியில் அச்சிட்டு முப்பது பிள்ளைகளுக்குப் படியெடுத்துக் கொடுத்ததாகவும் அவர் எழுதியிருந்தார். பதிவேட்டில் அது ஒரு வருகை, நேரம் பூச்சியம். நம் இளைஞர் அம்மடலை இருமுறை படித்தார். விடைகளோடு விளக்கங்களையும் இன்றுவரை எழுதி வருகின்றார்.

ஈற்றில் ஒன்று. நம் பக்கத்துக்கு வருபவர் நம் விருந்தினர். அவர் தேவையை அறிய முயல்வது முறை. அவர் பெயரையும் இருப்பிடத்தையும் துருவி ஆராய்வது முறையன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தன. நம் நாட்டிலும் ஆளுக்குரிய தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தேவைக்கு மேல் எதனையும் சேர்க்காதிருப்பதே எழுதுவோர்க்கு அழகு.

ஆகவே, எழுதுகின்ற இளைஞர்களே, வருவோரை எண்ணுங்கள். ஆனால் அத்தொகையைக் கண்டு ஒன்றை நிறுத்துமுன், வந்தவருள் ஒருவரையேனும் கேளுங்கள். இப்பேச்சை எத்தனை பேர் கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாது. எழுதி அறிவித்தால் மகிழ்வேன்.