பறக்கவிடப் பிடித்த குருவி



தாய்லாந்திலும் கம்போடியாவிலும் பௌத்தக் கோயில் வாசல்களில் சிறு கூண்டுகளில் குருவிகளை விற்பார்கள். வாங்குகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அங்கேயே கூண்டைத் திறந்து பறக்கவிடுகிறார்கள். சீனாவிலும் தைவானிலும் மீனையும் ஆமையையும் வாங்கி ஆற்றில் விடுகிறார்கள். சாகப்போகும் உயிரைக் காப்பது பெரும் புண்ணியம் என்பது அவர்கள் நம்பிக்கை.

இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி 1603-இல் பெய்ஜிங்கில் வெளியிட்ட நூலில், மறுபிறவியை ஒட்டிய கொல்லாமைக் கொள்கையை மறுத்தார். பௌத்தத் துறவி ஜூஹோங் அவருக்குப் பதில் எழுதினார். அந்த வாதத்தை நாம் இன்று தொடர வேண்டியதில்லை. சந்தைக்குப் போன இரண்டு ஆட்டுக்குட்டிகளை மீட்கத் தம் மேலாடையையே கொடுத்தவர் நம் புனித அசிசி பிரான்சிஸ் அல்லவா? அந்த இரக்கம் நமக்கு அந்நியமானதன்று.

ஆனால் கோயில் வாசலில் இருக்கும் அந்தக் குருவி எங்கிருந்து வந்தது? பறக்கவிட ஆள் வருவார்கள் என்பதற்காகவே வலைபோட்டுப் பிடித்த குருவி அது. பிடிக்கும்போதும் அடைத்து வைக்கும்போதும் பல செத்துப்போகின்றன. பறந்ததிலும் சில மறுபடி வலையில் விழுகின்றன. 2015-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கரைக்கு அப்பால், பௌத்தர்கள் சிலர் அமெரிக்கச் சிங்கி இறால்களையும் வேற்றிட நண்டுகளையும் நூற்றுக்கணக்கில் கடலில் விட்டார்கள். அந்தக் கடலில் ஏற்கெனவே வாழும் உயிர்களுக்கு அதனால் ஆபத்து என்று வழக்கு நடந்து, 2017-இல் இருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. மனம் நல்ல மனம்தான். விட்ட பிறகு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

நம்மிடையேயும் முதியோர் இல்லத்தில் பிறந்தநாள் சாப்பாடு கொடுப்பவர்கள் உண்டு. கேக் வெட்டி, படம் எடுத்து முடியும்வரை சர்க்கரை நோய் உள்ள பாட்டி தட்டின் முன் உட்கார்ந்திருப்பார். அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார் என்று முன்கூட்டியே கேட்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

பௌத்தர்களிலேயே பலர் இந்தக் குருவி வியாபாரத்தைக் கண்டிக்கிறார்கள். அவர்களுடைய பொன்னொளிச் சூத்திரத்தில் ஜலவாகனன் என்பவனின் கதை வருகிறது. வற்றும் குளத்தில் பத்தாயிரம் மீன்கள் துடிப்பதை வழியில் கண்டான். கிளைகளை ஒடித்து நிழல் போட்டான். தண்ணீர் ஏன் வரவில்லை என்று தேடிப்போனான். ஆற்றையே வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள். அரசனிடம் யானைகள் கேட்டு வாங்கித் தண்ணீர் சுமந்து குளத்தை நிரப்பினான். மீன்கள் அவன் பின்னாலேயே கரையோரம் சுற்றிவந்தன. பசி போலும் என்று நினைத்து, வீட்டிலிருந்து உணவு கொண்டுவர மகனை அனுப்பினான்.