அப்பாவுக்கு ஒரு பாக்கெட் கத்தி

இந்த வாரம் கத்தி பத்திப் பேசப் போறோம். பயப்படாதீங்க, மடக்கி பாக்கெட்டில் போட்டுக்கிற சின்னக் கத்திதான். அதுவும் தோட்ட வேலைக்கு.

எங்க அப்பாவுக்கு கோபி பக்கத்தில் வாழை, கொஞ்சம் மஞ்சள், ரெண்டு மாடு. நான் சென்னையில் கோடு எழுதுறவன். போன வருஷம் அவர் பிறந்தநாளுக்கு நல்ல மடக்குக் கத்தி ஒண்ணு வாங்கித் தரலாம்னு தோணுச்சு. நம்ம ஆளுங்க பொருள் வாங்குற லட்சணம் தெரியும்ல, ஒரு ஷீட் போட்டேன். எஃகு வகை, ராக்வெல் கடினம், எடை, ரிவ்யூ. மொத்தம் 14 கத்தி. அவர் தினமும் என்ன வெட்டுறார்னு மட்டும் கேட்கவே இல்லை.

வாங்கினது அழகான கத்தி. மரக் கைப்பிடி, கண்ணாடி மாதிரி பளபளப்பு. பிராண்ட் பேர் வேண்டாம், தப்பு அதன் மேல் இல்லை. நகத்தை ஒரு பள்ளத்தில் கொடுத்து இழுத்துத் திறக்கணும். திறந்த பிறகு பூட்டு கிடையாது. உள்ளே ஒரு ஸ்பிரிங் பிடிச்சு நிறுத்தும், அவ்வளவுதான்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சாயங்காலம், கன்னுக்குட்டி தென்னை மரத்தைச் சுத்திச் சுத்தி வந்து கயிறு கழுத்தை இறுக்கிடுச்சு. நாக்கு வெளியே வந்துடுச்சாம். அப்பா ஒரு கையால் கன்னைப் பிடிச்சிருக்கார். மிச்சம் ஒரு கை. இந்தக் கத்தியைத் திறக்க ரெண்டு கை வேணும். கடைசியில் பல்லால் கடிச்சுத் திறந்திருக்கார். கழுத்தில் படக்கூடாதுன்னு கூர் பக்கத்தை வெளியே பார்த்து வச்சு, கயிறுக்கு அடியில் நுழைச்சிருக்கார். கன்னு திமிறினப்ப கத்தியோட முதுகில் இடிச்சது. பூட்டு இல்லாத கத்தி மடங்கி அவர் ஆள்காட்டி விரல் மேலேயே விழுந்தது. நாலு தையல், ஒரு டி.டி. ஊசி.

கயிறை அறுத்தது பக்கத்துக் காட்டுக்காரரோட அரிவாள். கன்னு பொழைச்சுக்கிச்சு.

அப்பா இதை எங்கிட்ட சொல்லவே இல்லை. வீடியோ காலில் கட்டைப் பார்த்துக் கேட்டேன். "ஒண்ணுமில்லை கண்ணு, அருவா பட்டுருச்சு"ன்னார். அம்மாதான் பின்னாடி இருந்து உண்மையைச் சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் அந்த ஷீட்டைத் திறக்கவே மனசு வரலை.

பொங்கலுக்குப் போனப்ப ரெண்டு நாள் அவர் பின்னாடியே சுத்தினேன். உர மூட்டைத் தையலை அறுக்கிறார். சொட்டுநீர் லேட்டரல் குழாய், 16 மில்லிமீட்டர், அதை நறுக்கி ஜாயின்ட் போடுறார். சணல், நைலான் கயிறு. வாழையில் காய்ஞ்ச சருகு. நடுவில் அதே கத்தியில் ஒரு கொய்யாப் பழம். மரம் வெட்டுற வேலை எதுவும் இல்லை, அதுக்கு அரிவாள் இருக்கு. மூணு அங்குலம் கூர் இருந்தாலே இதெல்லாம் முடிஞ்சுடும்.

எஃகு விஷயத்துக்கு வருவோம். ஊரில் கொல்லுப்பட்டறையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிச்சுத் தருவாங்களே, அந்த மாதிரி கார்பன் எஃகு சீக்கிரம் கூர் ஏறும். ஆனா துருப்பிடிக்கும். வாழைச்சாறு பட்டா கறுத்தும் போகும். சாறில் இருக்கிற டானினும் இரும்பும் சேர்ந்து வர்ற கறுப்பு அது. துடைச்சுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கணும். அப்பா தடவ மாட்டார். அதனால் அவருக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி. அதிலும் ராக்வெல் 60க்கு மேல்னு விளம்பரம் வந்தா நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன். கூர் ரொம்ப நாள் நிற்கும், சரி. மழுங்கிட்டா கிணத்து மேட்டுக் கல்லில் தீட்டி எடுக்கிறது கஷ்டம். 56, 57 போதும். வாரம் ஒரு தடவை ரெண்டு நிமிஷம் தீட்டிக்கலாம். ரம்பப் பல் வச்ச கத்தி நைலான் கயிறுக்கு நல்லா இருக்கும், ஆனா நம்ம சாணைக்கல்லில் தீட்ட முடியாது.

பூட்டு கட்டாயம். பிரான்ஸில் ஓபினெல்னு ஒரு கத்தி இருக்கு. சவாய் மலைப் பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890ல் ஆரம்பிச்சது, விவசாயிங்க கையில் புழங்கின கத்தி. கழுத்தில் ஒரு வளையத்தைத் திருப்பினா பூட்டிக்கும். அந்த வளையமே 1955ல்தான் வந்தது. எட்டாம் நம்பர் கத்தியோட கூர் எட்டரை சென்டிமீட்டர். எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன். ஆனா மரக் கைப்பிடி ஈரத்தில் ஊதி கத்தியை இறுக்கிடும். பின்பக்கத்தை மேஜையில் ஒரு தட்டு தட்டினா வெளியே வரும்னு அந்த ஊர்க்காரங்களே ஒரு வழி வச்சிருக்காங்க. நனைஞ்ச வாழைத்தோப்பில் மேஜைக்கு எங்கே போறது? திறக்கிறதுக்கும் ரெண்டு கை வேணும். அப்பாவுக்கு ஆகாது.

இன்னொரு கூத்து. விலை ஏற ஏற, ஜீன்ஸ் பாக்கெட்டில் மாட்டுற கிளிப் கொடுக்கிறாங்க. எங்க அப்பா வேட்டி! சட்டைப் பையில் வச்சா குனியும்போது வாய்க்காலில் விழுந்துடும். அவருக்கு உண்மையான பாக்கெட் வேட்டிக்குள்ளே இருக்கிற பட்டாபட்டியில்தான். அதனால் கத்தி தட்டையா இருக்கணும், கோணலும் மூலையும் இருக்கக் கூடாது. பின்னாடி கயிறு கோக்க ஒரு ஓட்டை இருந்தா அரைஞாண் கயிறில் சாவியோட கட்டிக்கலாம். இதை எந்த ரிவ்யூவிலும் நான் படிக்கலை.

இந்தத் தடவை அவரையே ஈரோடு கூட்டிட்டுப் போனேன். கடையில் நாலு கத்தியை எடுத்து வைக்கச் சொன்னார். தண்ணி பாட்டிலைக் கையில் ஊத்திக்கிட்டு, இடது கையால் ஒவ்வொண்ணாத் திறந்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். ரெண்டு கத்தி வழுக்குச்சு. மூணாவது, கட்டைவிரலில் தள்ளித் திறக்கிறது, முதுகில் பூட்டு, முனை மழுங்கலா கீழே இறங்கினது. மாட்டுக் கழுத்துகிட்ட போனா குத்தாது. முதுகைக் கல்லாப்பெட்டி ஓரத்தில் ரெண்டு இடி இடிச்சுப் பார்த்தார். மடங்கலை. நாலில் அதுதான் விலையும் கம்மி. கைப்பிடி மட்டும் கறுப்பு, புல்லில் விழுந்தா தேட முடியாது. ஆரஞ்சு நைலான் கயிறு கட்டிக்கிட்டார்.

பழைய கத்தி எங்கேன்னு கேட்டேன். அம்மா அதில்தான் இப்ப வெண்டைக்காய் நறுக்கிறாங்களாம்.