கொம்பு பிரியாத பக்கம்

பிரௌசர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாகூர் ஏரிக்கரையில் நின்றபடியே கைப்பேசியில் செய்தி படிக்கிறவர்கள் நாம். ஓர் இணையப் பக்கம் எல்லாப் பிரௌசரிலும் ஒரே விதமாகத் தோன்ற வேண்டுமென்று, நிழலின் சாய்வுக்கும் பெட்டி மூலையின் வளைவுக்கும் பக்கம் அமைக்கும் தொழிலின் இளைஞர்கள் இராப்பகலாகப் பாடுபடுவதைக் காணும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஏனெனில் தமிழ்ப் பக்கத்தில் முதலில் கலையாமல் நிற்க வேண்டியது எழுத்து, எழுத்துதான்.

2007-இல் வில்லியனூர்த் தேர்த் திருவிழாவுக்காக ஒரு பக்கம் அமைத்தேன். அச்சுப் புத்தகம் போல வரிகளின் இரு ஓரமும் நேராக இருக்கட்டும் என்று சமன்செய்திருந்தேன். என் கணினியில் லட்சணமாகத் தெரிந்த அதே பக்கம், கடைத்தெருக் கணினி ஒன்றில் வேறொரு பிரௌசரில் திறந்ததும் சிதறிப்போயிற்று. அவ்வூர் அம்பாளான கோகிலாம்பிகையின் பெயரில் ககரம் தனித்து நிற்க, இரட்டைக் கொம்பும் காலும் அதற்கப்பால் ஒரு புள்ளி வட்டத்தை அணைத்துக்கொண்டு நின்றன. பக்கத்தில் இருந்த பெரியவர், "தம்பி, அம்பாள் பேரே ஒடைஞ்சு கெடக்குதே!" என்றார். இன்றும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

காரணம் சூட்சுமமானது. 1999-இல் வந்த டாப், டாம் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முன்னே வைத்தன. ஆனால் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் முழுதும் அர்த்தமற்ற கிறுக்கலாகிவிடும். என் பக்கத்தில் நான் பயன்படுத்திய யூனிகோடு குறியீடோ உச்சரிப்பு வரிசைப்படி மெய்யெழுத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைத்து, கொம்பை முன்னே கொண்டுவரும் பொறுப்பைத் திரையில் வரையும் மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. அந்தப் பிரௌசர், வரியைச் சமன்செய்யும் அவசரத்தில் குறிகளைத் தனித்தனியே வரைந்துவிட்டது.

பிற்பாடு அக்குறை நீங்கிற்று. ஆயினும் இன்றுவரை நான் இடது ஓரத்தை மட்டுமே நேராக்குகிறேன். நீண்ட தமிழ்ச் சொற்களைக் குறுகிய திரையில் சமன்செய்தால் வரிக்குள் பள்ளம் பள்ளமாக இடைவெளி விழுகிறது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புகிறேன். எழுத்துகளின் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் முட்டாதபடி வரிகளைத் தாராளமாக விலக்கி வைக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன்: எழுத்து முதலில்.

புதிய பக்கம் எதுவானாலும் கோகிலாம்பிகை என்ற ஒரே சொல்லை முதலில் இட்டு, வீட்டிலுள்ள கைப்பேசிகள் அத்தனையிலும் திறந்து பார்க்கிறேன். சென்ற மாதம் என் தாயாரின் பழைய கைப்பேசியில் பெட்டிகளின் மூலைகள் வளையாமல் கூராகவே நின்றன. கொம்பு தன் இடத்தில் இருந்தது. பக்கத்தை அப்படியே வெளியிட்டுவிட்டேன்.